எங்கட வீடு மூண்டு

அன்று காலையிலிருந்து மத்தியானம் வரை நான் ஆட்களை மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் நாற்பத்தொன்று. லண்டன் பஸ் டிப்போ ஒன்றில் இருபத்தாறு வருசம் கொன்ட்ரோலராக இருந்தவன் நான். எந்த பஸ் எங்கே நிற்கிறது, எந்த டிரைவர் தேத்தண்ணி குடிக்கப் போய் இன்னும் திரும்பவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அப்படிப்பட்ட எனக்கு, இந்தப் பெனடிக்றுக்குத்தான், ஒரு மனுசியை எண்ணத் தெரியாமல் போனது.

வெம்பிளித் தமிழ்க் கத்தோலிக்கரின் தவக்கால நடை அது. குரொய்டனுக்கும் தெற்கே, வீடுகள் முடிந்து சுண்ணாம்புக் குன்றுகள் தொடங்கும் இடத்தில் எண்ணூறு, தொள்ளாயிரம் வருசப் பழைய கோயில்கள் மூன்று இருக்கின்றன. ஒவ்வொன்றும் நம்முடைய வீட்டு ஹோலை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு குன்று. அதன் உச்சியில் நின்றால் முழு லண்டனும் தெரியும். மூன்று கோயிலையும் குன்றையும் சேர்த்து ஏழு மைல். வழியைக் கண்டுபிடித்தது நான், அனுமதி வாங்கியது நான், கோச் பிடித்தது நான். இதைச் சொல்லிக்காட்டாமல் இருக்க என்னால் முடியாது, மன்னிக்க வேண்டும்.

கோயில்கள் ஆங்கிலிக்கன் சபையினுடையவை. அனுமதிக்கு ஏழு மாதம் ஈமெயில் எழுதினேன். இரண்டாவது கோயில் பூட்டியே கிடக்கும். அதன் திறப்பு, ஒரு பழைய இரும்புச் சாவி, முன்வீட்டு மிஸிஸ் ஹார்ட்லியிடம் இருந்தது. அவர் போட்ட நிபந்தனைகள் எனக்கு இன்னும் மனப்பாடம். உள்ளே சாப்பிடக் கூடாது, மெழுகுதிரி கொளுத்தக் கூடாது, பன்னிரண்டேகாலுக்குள் பூட்டித் திறப்பைத் தன் வீட்டுக் கதவில் தபால் போடுகிற கடிதவாய்க்குள் போட்டுவிட வேண்டும், தான் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவேன் என்றார். வெள்ளைக்காரர் ஒரு இடத்தை நம்மை நம்பித் தந்தால் அதில் ஒரு தூசி கூட மிஞ்சக் கூடாது என்று நினைக்கிற ஆள் நான். கோச்சிலேயே எழும்பி நின்று ஒரு பிரசங்கம் வைத்தேன்.

நாங்கள் எண்ணுகிற முறையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களை வரிசையில் நிறுத்தித் தலையைத் தொட்டு எண்ணினால் ரோசம் வந்துவிடும், பள்ளிக்கூடப் பிள்ளைகளா நாங்கள் என்பார்கள். அதனால் வீடு வீடாகத்தான் எண்ணுவோம். "குகநாதன் வீடு?" என்று கேட்டால் குகநாதன் "ஐஞ்சு" என்பார். "பஸ்தியாம்பிள்ளை அண்ணை வீடு?" "ரெண்டு." வீட்டுக்காரர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்துச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். கடைசியில் நானே என்னைக் கேட்டு நானே பதில் சொல்வேன். "எங்கட வீடு மூண்டு." நான், என் மனுசி பெர்னடெற், மகள் ஷெறோன்.

எங்கள் வீட்டுச் சின்ன அறையில் லூர்தம்மா என்று ஒரு அக்கா இருக்கிறார். மன்னார்ப் பக்கம். ஆறு வருசமாக வாடகைக்கு இருக்கிறார். வயது அறுபத்தொன்று. விடியப்புறம் ஒரு கந்தோரில் துப்புரவு வேலை. நாங்கள் எழும்பும்போது அவர் வீட்டில் இருக்க மாட்டார், நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் குசினிக்குள் வருவார். வீட்டில் ஒரு சத்தமும் போடாத மனுசி. நடைக்கு வரமுடியாது, வேலை இருக்கு என்று சொல்லியிருந்தார். ஆனால் அன்று காலையில் கோச் புறப்படப் போகிற நேரம், நான் எண்ணி முடித்த பிறகு, கோட்டுக்குள் நீல வேலைச்சட்டை தெரிய மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"உங்களுக்கு வேலையெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"வெள்ளன விட்டிட்டாங்கள், தம்பி. ஓடி வந்தனான். இடம் இருக்கோ?"

"இருக்கு, ஏறுங்கோ ஏறுங்கோ" என்றேன். ஏறினார். பட்டியலை நான் திருத்தவில்லை. வேணும் என்று விட்டதில்லை. எந்த வீட்டுக்குக் கீழே எழுதுவது என்று கூட நான் யோசிக்கவில்லை, அதுதான் உண்மை.

முதல் கோயிலிலேயே எல்லோருடைய போனையும் ஒரு அரிசிப் பையில் வாங்கிப் போட்டேன். மௌனமாகச் செபமாலை சொல்லி நடக்கிற இடத்தில் ஆளுக்கு ஆள் வீடியோ எடுத்துக்கொண்டு நின்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பை என் முதுகில் இருந்தது. தோளில் சிலுவை. நாலடி மரச்சிலுவை, போன வருசம் நானே செய்தது.

இரண்டாவது கோயிலுக்குப் பதினொன்றரைக்கு வந்தோம். உள்ளே உட்காருவதற்குப் பெட்டி பெட்டியான வாங்குகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் நெஞ்சளவு பலகையடைப்பு, அதற்கு ஒரு சின்னக் கதவு. அந்தக் காலத்துப் பணக்காரர் குளிர்காற்றுப் படாமல் குடும்பமாக உள்ளே இருந்து பூசை கண்டார்களாம். செபம் முடிய, "பன்னிரண்டுக்கு வெளியிலை மரத்துக்குக் கீழை சாப்பாடு" என்று அறிவித்தேன்.

வெளியே வந்து பார்த்தால் வானம் பளிச்சென்று இருந்தது. இரண்டு கிழமையாக மழை. இந்த வெயிலில் குன்றின் உச்சியில் நின்று லண்டன் பின்னால் தெரிய ஒரு படம் எடுத்தால் எப்படி இருக்கும் என்று ஆசை வந்துவிட்டது. தவக்காலம் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவனுக்குப் படத்தில் ஆசை.

"சாப்பாடு மேலை!" என்று கத்தினேன். "வெயில் போறதுக்குள்ளை ஏறுவம்." பஸ்தியாம்பிள்ளை அண்ணை வயிற்றைத் தடவிக்கொண்டு முணுமுணுத்தார். நான் வீடு வீடாக எண்ணினேன். நாற்பத்தொன்று.

பிறகு கோயில் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தேன். நடுப்பாதையில் ஒருவரும் இல்லை. கனத்த ஓக் கதவை இழுத்துத் திறப்பைத் திருப்பினேன். அந்த நேரத்தில் உள்ளே ஏதோ சத்தம் கேட்டது. கேட்டது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். புறாவாக இருக்கும், பழைய பலகை முனகுகிறதாக இருக்கும் என்று நினைத்தேன். எண்ணிக்கை சரியாக இருந்தபடியால் காதுதான் பொய் சொல்கிறது என்று முடிவெடுத்தேன். ரோட்டைக் கடந்து போய்த் திறப்பை மிஸிஸ் ஹார்ட்லியின் கடிதவாய்க்குள் போட்டேன். அது உள்ளே மிதியடியில் விழுந்த சத்தம் மனசுக்கு நிறைவாக இருந்தது. அவருடைய கார் அப்போதே வாசலில் இல்லை.

ஏற்றம் நாற்பது நிமிடம். சுண்ணாம்புச் சேறு சப்பாத்தில் வெள்ளையாக ஒட்டி வழுக்கியது. உச்சிக்கு வந்ததும் எல்லோரும் மௌனத்தை மறந்து "ஆ" என்றார்கள். தூரத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் நெருப்புப்பெட்டி அளவில் மினுங்கின. நான் சிலுவையைப் பிடித்தபடி எல்லோரையும் படத்துக்கு வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அப்போது என் முதுகில் சேவல் கூவியது.

எல்லோரும் சிரித்தார்கள். "ஆற்றை சேவல் அது?" என்றார் பஸ்தியாம்பிள்ளை அண்ணை. அரிசிப் பையை இறக்கித் துழாவி அந்தப் போனை எடுத்தேன். மூலை வெடித்த பழைய போன். திரையில் எழுத்து ஓடியது. 'ஊசி போட்டாச்சு. சாப்பிட்டாச்சா?'

"ஆற்றை போன் இது?" ஒருவரும் வரவில்லை. சேவல் திரும்பக் கூவியது.

சாப்பாட்டுப் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்த ஷெறோன் நிமிர்ந்தாள். அவள் ஹறோவில் பாமசி ஒன்றில் வேலை செய்கிறாள். வந்து போனைப் பிடுங்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இது நான் செற் பண்ணிக் குடுத்த அலாம். லூர்தம்மா அன்ரியின்ரை. அன்ரி எங்கை?"

"அவ வந்தவவோ?" என்று குகநாதன் கேட்டார்.

நாற்பது தலைகள் திரும்பின. கீழே பாதையைப் பார்த்தோம், பற்றைகளைப் பார்த்தோம். கிழக்குப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிய பழைய ஆழக் கிடங்கு, அதைச் சுற்றி அறுந்த கம்பிவேலி. விழுந்துவிட்டாரோ என்று ஒருவர் சொல்ல, யாரோ "யேசுவே" என்றார்கள். நான் சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் பட்டியலைப் பார்த்த என்னை எனக்கே அறையவேண்டும் போலிருந்தது.

"கடைசியா ஆர் கண்டது?" என்று ஷெறோன் கத்தினாள்.

பெர்னடெற் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "கோயிலுக்குள்ளை என்னட்டைக் கேட்டவ. பன்னிரண்டுக்குச் சாப்பாடெல்லோ, ஊசி போடவேணும், சட்டையைத் தூக்கிப் போட ஒரு மறைவு இருக்கோ எண்டு. நான்தான் அந்தக் கடைசிப் பெட்டி வாங்கைக் காட்டினனான்."

புறா இல்லை. பலகையும் இல்லை.

"அப்பா?"

"நான் பூட்டிப்போட்டன்" என்றேன். "உள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டன்."

ஷெறோன் மணிக்கூட்டைப் பார்த்தாள். அவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "சாப்பாட்டுக்கு முதல் போடுற இன்சுலின் அது, அப்பா. போட்டுப் பதினைஞ்சு, இருபது நிமிசத்திலை சாப்பிடவேணும். இப்ப ஒரு மணித்தியாலம். விடியப்புறத்திலையிருந்து வேலை, பிறகு இவ்வளவு தூரம் நடை. சுகர் விழுந்து மயங்கினா..." ஒரு பார்சலில் இருந்த மாம்பழ யூஸ் பெட்டிகள் இரண்டைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு ஓடத் தொடங்கினாள். "அம்மா, அம்புலன்சுக்கு அடியுங்கோ!"

நானும் ஓடினேன். கோச் மூன்றாவது கோயிலடியில், எதிர்ப்பக்கம் நின்றது. ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஐம்பத்தெட்டு வயதில் சேற்று இறக்கத்தில் ஓடுவது ஓட்டமில்லை, விழுகிறதை ஒத்திப்போடுவது. இரண்டு தரம் விழுந்தேன். இரண்டாம் தரம் எழும்பும்போதுதான் சிலுவை இன்னும் என் தோளில் இருப்பதைக் கண்டேன். கீழே போட்டுவிட்டு ஓடத் தோன்றவில்லை. அதை ஊன்றி எழும்பினேன், திரும்ப ஓடினேன். மாதாவே, மாதாவே என்று மட்டும் வாய் சொன்னது. ஆறு வருசமாக ஒரே கூரைக்குக் கீழே இருந்த மனுசி. ஒரு நாளும் அவரைப் பக்கத்தில் இருத்திச் சாப்பாடு போட்டதில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவை எங்களோடு ஒன்றாகச் சாப்பிட வந்தவர், அதுவும் பட்டினியாகப் பூட்டிக் கிடக்கிறார்.

கோயிலுக்கு வந்தபோது ஷெறோன் கதவை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தாள். "அன்ரி! அன்ரி!" உள்ளே ஒரு சத்தமும் இல்லை. யன்னல்கள் உயரத்தில், ஈயக் கம்பி பின்னிய சின்னக் கண்ணாடிகள். ஷெறோன் ஒரு கல்லறைக் கல்லில் ஏறி உள்ளே பார்த்தாள்.

"கால் தெரியுது. வாங்குக் கதவுக்கு வெளியிலை, நிலத்திலை." திரும்பி என்னைப் பார்த்தாள். "அசையேல்லை, அப்பா."

ரோட்டைக் கடந்து மிஸிஸ் ஹார்ட்லி வீட்டுக்கு ஓடினேன். மணியடித்தேன், தட்டினேன். வீட்டில் ஆளில்லை. கடிதவாயைத் தூக்கிப் பார்த்தால், திறப்பு மிதியடியில் கிடந்தது. நான் போட்ட இடத்திலேயே. கையை விட்டேன், முழங்கைக்கு மேல் போகவில்லை. விரலுக்கும் திறப்புக்கும் இடையில் இரண்டடி இருந்தது.

கதவின் மேல்பாதி நிறக்கண்ணாடி. பழைய காலத்து வேலை, நடுவில் ஒரு நீலப் பூ. பூட்டு அதற்குக் கொஞ்சம் கீழே. உடைத்தால் கையை விட்டுத் திறக்கலாம்.

நான் நின்றேன். எத்தனை செக்கன் என்று தெரியாது. ஏழு மாதத்து ஈமெயில் நினைவில் வந்தது. ஒரு கறுத்த மனிதன் பட்டப்பகலில் வெள்ளைக்காரப் பெண்ணின் வீட்டுக் கதவை உடைக்கிறான் என்று பொலிஸ் வந்து நிற்பது தெரிந்தது. கோயில் ஆட்கள் இனிமேல் ஒரு தமிழனுக்கும் திறப்புத் தரமாட்டார்கள் என்று கூட நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

"அம்புலன்ஸ் எவ்வளவு நேரத்திலை வருமாம்?" என்று ஷெறோனைத் திரும்பிக் கேட்டேன்.

அவள் ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள். "அப்பா, உள்ளை கிடக்கிறது நானெண்டா நிண்டு யோசிப்பியளோ?"

சிலுவையைத் திருப்பிப் பிடித்து அதன் அடிக்கட்டையால் அந்த நீலப் பூவில் குத்தினேன்.

கண்ணாடி கொட்டியது. கையில் வெட்டியது கூடப் பிறகுதான் தெரிந்தது. கதவைத் திறந்து திறப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். கோயில் பூட்டில் திறப்பு ஒரு தரம் சிக்கியது, ஷெறோன் என் கையைத் தள்ளிவிட்டுத் தானே திருப்பினாள்.

லூர்தம்மாக்கா வாங்கிலிருந்து கதவுப்பக்கம் வர எத்தனித்து விழுந்திருந்தார். உடம்பு முழுக்க வேர்வை, நீலச்சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. கண் பாதி திறந்து எங்கோ பார்த்தது. நடுங்கிய வாயில் சொல் ஒன்றும் விளங்கவில்லை. "விழுங்க ஏலுமோ அன்ரி? விழுங்குங்கோ" என்று ஷெறோன் அவரை மடியில் சாய்த்து, யூஸ் பெட்டியின் மூலையைப் பல்லால் கிழித்து, உதட்டில் துளித்துளியாக விட்டாள். முதல் வாய் வழிந்து போனது. இரண்டாவதும். மூன்றாவது தொண்டையில் இறங்கியதை நான் கண்டேன்.

பத்து நிமிடம் முழந்தாளில் நின்றேன். அப்படி ஒரு செபம் நான் வாழ்க்கையில் செய்ததில்லை. வார்த்தையே இல்லை அதில்.

இரண்டாவது பெட்டி முடியும்போது அவருடைய கண் ஷெறோனைப் பிடித்தது, பிறகு என்னைப் பிடித்தது.

"பூட்டுற சத்தம் கேட்டது, தம்பி" என்றார் மெதுவாக. "நான் இருக்கிறன் எண்டு சொன்னனான்."

நான் தலையைக் குனிந்தேன். கேட்டது அக்கா என்று சொல்லவேண்டும். வெறும் யூஸ் பெட்டியைப் பொறுக்கி எடுத்தேன்.

அம்புலன்ஸ் வந்தபோது அவர் எழும்பி இருந்தார். வந்த இரண்டு பேரில் ஒருவன் விரலில் குத்திச் சுகர் பார்த்தான், சரியாக வருகிறது என்றான். ஷெறோன் பார்சலைப் பிரித்துச் சோறும் பருப்பும் ஊட்டினாள். மற்றவன் என்னிடம் படிவத்தோடு வந்தான். முழுப்பெயர் என்ன என்றான். லூர்தம்மா என்றேன். அப்பா பெயர்? தெரியாது. பிறந்த திகதி? தெரியாது. என் வீட்டுக்கு வருகிற கடிதங்களை ஆறு வருசமாக அவருடைய அறைக் கதவடியில் நான்தான் வைக்கிறேன், உறையில் இருந்த முழுப்பெயர் ஒரு தரமும் என் கண்ணில் படவில்லை. நீங்கள் குடும்பமா என்று கேட்டான்.

"நோ, நோ" என்றேன். "லொட்ஜர்."

வாடகைக்கு இருக்கிற ஆள். நாக்குக்குப் பழகிப்போன பதில். கவுன்சில் படிவத்தில் எழுதி எழுதி வந்த பழக்கம். சொல்லி முடித்துத் திரும்பினால் லூர்தம்மாக்கா மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை. தெரிந்த விசயத்தைத் திரும்பக் கேட்ட முகம். அவரே தன் பெயரையும் திகதியையும் அவனுக்கு இங்கிலீசில் தெளிவாகச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார். இரண்டு தரம் சுகர் பார்த்துவிட்டு அவர்கள் விட்டார்கள்.

உடைந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளி, அட்டை வைத்து ஒட்டி, என் நம்பரை எழுதி வைத்து, நடந்ததை மிஸிஸ் ஹார்ட்லிக்கு ஈமெயிலில் எழுதினேன். மூன்றாவது கோயிலுக்குப் போகவில்லை. கோச் சுற்றிக்கொண்டு அங்கேயே வந்தது. வந்து ஏறப்போகிற நேரம் மிஸிஸ் ஹார்ட்லி தங்கச்சி வீட்டிலிருந்து போனில் என்னைக் கூப்பிட்டார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, அவர் இடையில் வெட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அந்த அம்மா எப்படி இருக்கிறா, அவவின் பெயர் என்ன?

இந்த முறை முழுப்பெயரும் சொன்னேன். படிவத்துக்கு அவர் சொல்லக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருந்தேன்.

எல்லோரும் கோச்சில் ஏறினோம். லூர்தம்மாக்கா முன் சீற்றில், பெர்னடெற்றின் சால்வையைப் போர்த்தியபடி இருந்தார். நான் பட்டியலை எடுத்துக்கொண்டு டிரைவருக்குப் பக்கத்தில் நின்றேன். வெட்டுப்பட்ட கையில் துணி சுற்றியிருந்ததால் பேனை சரியாகப் பிடிபடவில்லை.

"குகநாதன் வீடு?"

"ஐஞ்சு."

"பஸ்தியாம்பிள்ளை அண்ணை வீடு?"

"ரெண்டு, தம்பி."

ஒவ்வொருவரும் இந்த முறை ஆளாளாகத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்கள். கடைசியில் எங்கள் வீடு மிஞ்சியது. நாலு என்று சொல்ல நான் ஆயத்தமாக நின்றேன். குன்றால் ஓடி இறங்கியதிலிருந்து அந்தச் சொல்லைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் முன்னால், உரத்து, அவருடைய காதில் விழச் சொல்லவேண்டும்.

"எங்கட வீடு..." என்று தொடங்கினேன்.

"மூண்டு" என்றார் லூர்தம்மாக்கா.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என் கையில் இருந்த பட்டியலைக் காட்டினார். "அதுக்குக் கீழை எழுதுங்கோ, தம்பி. லூர்தம்மா வீடு. ஒண்டு."

ஷெறோன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் எழுதினேன். துணி சுற்றிய கையால் எழுத்துக் கோணலாகப் போனது, ஆனால் முழுப்பெயரையும் எழுதினேன். கூட்டிப் பார்த்தேன், நாற்பத்திரண்டு. டிரைவரிடம் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று சொன்னேன்.